கீரைச் சட்டிக்குள் இருந்தது

வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, மொன்றியலிலிருந்து அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குக் காரில் போனோம். ஊருக்கு ஊர் புதுச் சாப்பாடு ருசி பார்ப்பதுதான் திட்டம். சார்ள்ஸ்டனில் நின்றது வெள்ளிக்கிழமை. அன்று நான் மரக்கறி மட்டும்தான். சாலையோரக் கடையில் கீரை வாங்கினேன்.

“கீரைதானே, யோசிக்காமல் சாப்பிடும்” என்றார் கணவர்.

புகைமணம் தூக்கலாக இருந்தது. பக்குவம் அறியும் ஆசையில், வாயில் வைக்குமுன் சமைத்த பெண்ணிடம் கேட்டேன். காலையிலிருந்து பன்றிக்காலோடு அவிகிறது என்றார் பெருமையாக. கரண்டியைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் என்னோடு வேலை செய்யும் லூசியின் ஞாபகம் வந்தது. அவள் மீன், இறைச்சி தொடமாட்டாள். “வெறும் வெங்காயம்தான்” என்று எத்தனை தரம் அவளுக்குச் சீனிச்சம்பல் கொடுத்திருப்பேன்! மாசிக்கருவாடு போட்டதைச் சொல்லத் தோன்றவேயில்லை.

திரும்பியதும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவளுக்கு மாசியில்லாமல் தனியாக வதக்குகிறேன்.

பழைய ருசி இல்லை என்கிறாள்.