கன்னியப்பனுக்கு மூன்றாம் ஆண்டு

அண்ணனூரில் ரயில் பணிமனைச் சுவருக்கு எதிரே என் கடை. படங்களுக்குச் சட்டம் போடுவது தொழில். பெயர் இருதயராஜ். யார் படம் கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மாலை போடுகிற படமா, சும்மா மாட்டுகிற படமா? மாலை போடுகிற படம் என்றால் மேலே இரண்டு பக்கமும் கொக்கி வைக்க வேண்டும், சின்ன பல்புக்கு ஒயர் விட இடம் வேண்டும். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்காமல் ஒருமுறை, உயிரோடு இருந்த ஒரு ரிடையர்டு வாத்தியார் படத்துக்குக் கொக்கி வைத்துவிட்டேன்; அவரே கடைக்கு வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

தீபிகா எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அப்பா கன்னியப்பன் ஆவடி ஃபேக்டரியில் முப்பத்து நான்கு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். அம்மா பார்வதம். அண்ணன் அருள். தீபிகா பி.காம் முடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு வீட்டிலேயே டேப்லெட்டில் படம் வரைய ஆரம்பித்தாள். கல்யாணப் பத்திரிகை, குழந்தைகள் புத்தகம், பிரியாணிக் கடை போர்டு என்று யார் கேட்டாலும் வரைவாள். "கண்ணாடி மேல கோலம் போட்டுகினு கீது" என்று கன்னியப்பன் என்னிடம் சொல்வார். அதைக் குறையாகச் சொல்கிறாரா, பெருமையாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அருள் தன்னோடு வேலை பார்த்த பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். சாதி வேறு. திருநின்றவூரில் மண்டபம், இங்கிருந்து ஐந்து ஸ்டேஷன். கன்னியப்பன் போகவில்லை. பார்வதமும் தீபிகாவும் மட்டும் போய் அட்சதை போட்டுவிட்டு வந்தார்கள். அன்று காலை முழுக்க அவர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெஞ்சும் காலியாகியிருக்கும்.

ஒரு வாரம் கழித்து தீபிகா அந்தக் கல்யாண போட்டோவை வைத்து ஒரு படம் வரைந்தாள். மணமக்கள், பார்வதம், தான், எல்லோரும் நல்ல கலரில். பின்னால், அருள் தோளில் கை வைத்துக்கொண்டு அப்பா. அவரை மட்டும் பென்சில் சாம்பலில் விட்டுவிட்டாள். அவர் வந்திருந்தால் எந்தச் சட்டை போட்டிருப்பார் என்று தெரியவில்லை, வராத மனுசனுக்கு என்ன கலர் அடிப்பது என்று பிறகு என்னிடம் சொன்னாள். "அண்ணன் கல்யாணத்தில் எங்கள் அப்பா" என்று எழுதி இன்ஸ்டாவில் போட்டுவிட்டாள்.

நம் பக்கத்தில் கலர் ஆட்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் கருப்பு வெள்ளையில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்தப் படம் கடைக்கு வந்திருந்தால் நானே கேட்காமல் கொக்கி வைத்திருப்பேன். பார்த்தவர்கள் எல்லோரும் கும்பிடுகிற கையைப் போட்டார்கள். "அப்பா மேலிருந்து ஆசீர்வாதம் பண்ணுவார்" என்று எழுதினார்கள். தீபிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, அப்பா வீட்டில்தான் இருக்கிறார், டிவி பார்க்கிறார் என்று பதில் டைப் செய்திருக்கிறாள். அதற்குள் குமணன்சாவடியிலிருந்து லோகநாயகி என்ற அம்மா பெரிதாக எழுதியது கண்ணில் பட்டது. கணவர் போய் ஏழு மாதம், அழுகையே வரவில்லை, இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இன்றுதான் முதல்முறையாக அழுதேன், உன் அப்பாவுக்குக் கோடி புண்ணியம் தங்கச்சி என்று.

தீபிகா டைப் செய்ததை அழித்தாள். லோகநாயகி எழுதியதன் மேல் ஒரு இதயத்தைப் போட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான். விரல் நுனியால் செய்த தப்பு.

அதற்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று வளர்ந்தது. தங்கள் கல்யாணத்தில், வளைகாப்பில், காதுகுத்தில் இல்லாமல் போனவர்களைச் சேர்த்து வரைந்து தரச் சொல்லி வரிசையாக வந்தார்கள். அவள் எல்லோருக்கும் வரைந்து கொடுப்பதோடு நிறுத்தவில்லை. நீங்களே வரையலாம், நான் சொல்லித் தருகிறேன் என்று "கூடவே" என்று ஒரு பக்கம் தொடங்கினாள். மாதக் கடைசி ஞாயிறு, ஆவடி பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவில் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். பென்சிலே பிடிக்காத கைகள். பூந்தமல்லி பஸ் கண்டக்டர் ஒருவர், செத்துப்போன மனைவியின் காதை மட்டும் மூன்று மாதம் வரைந்தார். லோகநாயகி புருசனின் மீசையில் ஆரம்பித்தாள். வரைந்து முடித்ததும் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நல்ல காரியம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்ட காரியமாக இருந்தால் ஒரே அதட்டலில் நிறுத்தியிருக்கலாம்.

ஏனென்றால் கூட்டம் முழுக்க அவள் அப்பாவின் மேல் நின்றது. அவரைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எழுதினாள். மழையில் குடை பிடித்து ஸ்டேஷன்வரை கூட்டிப்போனது நிஜம். பரீட்சையில் தோற்றபோது தோளில் சாய்த்து முடியைக் கோதியது பொய். கன்னியப்பன் யார் முடியையும் கோதியவர் இல்லை. நிஜம் தீர்ந்துபோனபோது பொய்யை எடுத்தாள், அதற்குத்தான் எல்லோரும் அதிகம் அழுதார்கள்.

நிஜக் கன்னியப்பனோ காலையும் மாலையும் தெருவில் நடந்துகொண்டிருந்தார். ஆவடி மார்க்கெட்டுக்கு அவரோடு போனால் பத்தடி பின்னால் நடந்தாள். வீட்டில் எடுத்த போட்டோ ஒன்றைக்கூட வெளியே போடமாட்டாள். ஒவ்வொரு நவம்பரிலும் பென்ஷன்காரர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகப் போய்ச் சான்று கொடுக்க வேண்டும். வழக்கமாக அப்பாவைக் கூட்டிப்போவது தீபிகாதான். அந்த வருடம் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். காரணம் பிறகுதான் தெரிந்தது: பேங்க்கில் கேஷ் கவுண்டரில் இருந்த பெண் "கூடவே" கூட்டத்துக்கு வருகிறவள். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வந்து, அடுத்த நாள் கடையில் பிடித்து உலுக்கியபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சொல்லிவிடு, இன்றைக்கே சொல்லிவிடு என்றேன். எழுதியே வைத்திருந்தாள். என்னிடம் காட்டினாள். நல்ல தமிழில், மன்னிப்புக் கேட்டு. அனுப்பலாம் என்று எடுத்த காலையில் அந்தக் கண்டக்டர் மனைவியின் முழு முகத்தையும் முடித்து அனுப்பியிருக்கிறார். எப்படி அனுப்புவது என்று கேட்டாள்.

"மூச்சு முட்டுது இருதயம் அண்ணா," என்றாள். "ஊட்லயும் பொய், அங்கயும் பொய். நான் எங்கதான் போய் சும்மா உக்கார்றது?"

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. போன மாதம் லோகநாயகி எனக்குப் போன் செய்தாள். தீபிகாவின் போஸ்ட் ஒன்றில் என் கடைப் பெயர் இருந்ததாம். பெரிய சைஸ் பிரேம், சந்தன மாலையோடு வேண்டும், வரும் ஞாயிறு பத்தரை மணிக்குத் தீபிகா வீட்டுக்கே வந்து ஆணி அடித்து மாட்டித் தர வேண்டும் என்றாள். தீபிகாவுக்குத் தெரியக் கூடாது, அவள் அப்பாவுக்கு மூன்றாம் ஆண்டு என்றாள். அந்தப் படம் போட்ட தேதியையே திதியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலிருந்து கன்னியப்பனை மட்டும் பெரிதாக்கி லோகநாயகியே என் போனுக்கு அனுப்பியிருந்தாள்.

தீபிகாவிடம் சொன்னேன். ஞாயிறு காலையில் அப்பா அம்மாவைத் திருவேற்காடு கோயிலுக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்தாள், ஆட்டோ பேசினாள், நானும் என்னால் முடிந்தவரை தாமதமாக வருவதாகச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கன்னியப்பன் மட்டும் முட்டி வலிக்கிறது, வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் போகவில்லை என்றதும் பார்வதமும் போகவில்லை. வந்தவர்களோ, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால், பத்து மணிக்கே வந்து நின்றார்கள்.

நான் பிரேமையும் டிரில் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனபோது வாசலில் எட்டு ஜோடி செருப்பு. ஹாலில் லுங்கி பனியனோடு கன்னியப்பன் நின்றிருந்தார். தீபிகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லோகநாயகி ஒரு தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு, தீபிகாவின் அப்பா நினைவு நாளுக்கு வந்திருக்கிறோம், நீங்க யாரு என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கன்னியப்பன் மகளைப் பார்த்தார். என் கையில் இருந்த பிரேமைப் பார்த்தார். அதிலிருந்து அவரே சாம்பல் நிறத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வெடித்திருக்க வேண்டும். அப்படி வெடித்திருந்தால் அந்தப் பெண் அன்றைக்கே விடுதலையாகியிருப்பாள்.

"உள்ள வாங்க," என்றார். "நான் அவரு தம்பி."

அப்படியே அண்ணன் சாயல் என்றார் கண்டக்டர். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் கன்னியப்பன். சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர்கள் அவரிடம் அவரைப் பற்றியே சொன்னார்கள். குடை பிடித்ததை, முடியைக் கோதியதை, மருமகளை முதல் நாளே மகளே என்று கூப்பிட்டதை. அந்தக் கடைசிச் செய்தி எனக்கே புதிது. அருள் மனைவி இந்த வீட்டு வாசலை இன்றுவரை மிதித்ததில்லை. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஐயாவால்தான் மறுபடியும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று லோகநாயகி அழுதாள். அவர் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பார்வதம் காபித் தட்டோடு வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், தலையில் பூ. வாங்க சித்தி என்றார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது யாரோ, தீபிகாவோட அம்மா எங்கே, அவங்களையும் பார்க்கணும் என்றார்கள். அண்ணி ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றார் கன்னியப்பன். பார்வதம் புருசன் முகத்தைப் பார்த்தாள், சுவரில் சாய்த்திருந்த மாலை போட்ட படத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனவள் திரும்பி வரவில்லை.

படத்தை எங்கே மாட்டுவது என்று நான் கேட்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடத் தொழிலில் நான் இந்தக் கேள்வியைப் படத்தில் இருக்கிறவரிடமே கேட்டதில்லை. டிவிக்கு மேலே என்று கை காட்டினார். அடித்தேன். மாட்டினேன். எல்லோரும் கும்பிட்டார்கள். அவரும் கும்பிட்டார்.

அவர்கள் போனதும் தீபிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போதே எழுதிவிடுகிறேன் அப்பா, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று போனை எடுத்தாள். கன்னியப்பன் போனை அவள் கையிலிருந்து வாங்கி டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தார்.

"எழுதாத. அந்தம்மா இப்பதான் சாப்புட்டுகினு கீது," என்றார். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே, "நான் கல்யாணத்துக்குப் போவல. இந்த ஆளு போய்கீறான். மருமவளக் கூப்ட்டுகீறான். என்னைவிட நல்லவன்மா. அவன் இருக்கட்டும்," என்றார்.

நீதான் என் அப்பா, எனக்கு இந்த ஆள் வேண்டாம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் நகரவில்லை. அதட்டவும் இல்லை. ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு வேலை சொல்லித் தருவதுபோல நிதானமாகச் சொன்னார்.

"அவங்க திரும்பி வருவாங்கோ. வரும்போது வாய் தவறக் கூடாது. சித்தப்பான்னு ஒருதரம் சொல்லு."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் காத்திருந்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது, ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சொன்னாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சமையலறைக்குள்ளிருந்து பார்வதத்தின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"அவரு சித்தப்பான்னா, அப்போ நான் தாலிய கழட்டணுமா, ஊர்லயே இருக்கணுமா? யாராச்சும் சொல்லுங்க."

நாங்கள் மூன்று பேரும் ஹாலில்தான் இருந்தோம். நான் டிரில் மெஷினின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.