ஹார்மண்ட்ஸ்வர்த் களஞ்சியமும் என் மூன்றாவது தேர்வும்

மாலைநேரத் தச்சுப் படிப்பின் செய்முறைத் தேர்வில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவதும் கடைசியுமான வாய்ப்பு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, வீட்டிலிருந்து கவலைப்படுவதை விட்டு, ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹார்மண்ட்ஸ்வர்த் களஞ்சியத்தைப் பார்க்கக் கிளம்பினேன். அறுநூறு ஆண்டுகளாக நிற்கும் ஓக் மரக் கட்டடம் அது. துணைக்குக் கணவரின் தங்கை வாசுகி வந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி, அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை.

என்னை விழுத்தியது ஒரே ஒரு மூட்டு. கட்டடத்தின் நீளத்துக்கு ஓடும் நீள்மரமும், எதிரெதிர்த் தூண்களை இணைக்கும் குறுக்குமரமும் ஒரே தூணின் தலையில் சந்திக்கும் இடம். வரைபடம் மனப்பாடம். ஆனாலும் நான் செய்த மாதிரி இரண்டு முறையும் ஆடியது.

காலை 8.40க்கு மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ரயில் ஏறி, பேடிங்டனில் மாறி, பத்து மணியளவில் வெஸ்ட் ட்ரேய்டனில் இறங்கினோம். பஸ் கண்ணெதிரே போய்விட்டது. மிச்ச இரண்டு மைலையும் நடந்தோம், 45 நிமிடம். (பஸ் என்றால் 1.75 பவுண்ட்.)

கதவைத் தாண்டியதும் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். 58 மீற்றர் நீளம். இரு வரிசைத் தூண்கள், அவற்றின் மேலே சட்டங்களை மர ஆணிகள் இறுக்கிப் பிடித்திருந்தன. வாசலில் நின்ற தொண்டரிடம் டோர்ச் வாங்கி, ஒரு தூணின் தலையை அரைமணி நேரம் பார்த்தேன். விளங்கவில்லை.

“வாசுகி, நீ தூண். கையைப் பொத்தித் தூக்கு.”

“ஓம், தூக்கிட்டன். ஆக்கள் பாக்கினம், மச்சாள்.”

அவளது பொத்திய கையின் மேல் என் கையைக் குறுக்குமரமாக வைத்தேன். பிறகு அவளின் குடையை நீள்மரமாகக் கீழே நுழைக்கப் பார்த்தேன்.

“கையை எடுங்கோ. அது இருக்கேக்க குடை உள்ள போக ஏலாது. குடையை முதல் வையுங்கோ.”

கையை எடுத்து, குடையை முதலில் வைத்தேன். நீள்மரம் முதலில், அதன்மேல் குறுக்குமரம் இறங்கி அதைப் பூட்டுகிறது. நானோ குறுக்குமரத்தை முதலில் வைத்துவிட்டு, நீள்மரத்தைச் சீவிச் சீவி அடியில் நுழைத்திருக்கிறேன். ஆடாமல் என்ன செய்யும்?

“கண்டுபிடிச்சிட்டன்” என்றேன். வாசுகி குடையைப் பறித்துக்கொண்டு சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் நீள்மரத்தை முதலில் வைத்தேன், ஒரு சீவலும் கூடுதலாக எடுக்கவில்லை. தேர்வாளர் என் மாதிரியை இரு கைகளாலும் உலுக்கினார். பிறகு தன் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டார். அசையவில்லை. ‘பாஸ்’ என்று எழுதினார். கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அனுமதி இலவசம். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் மட்டுமே திறப்பார்கள். திறக்கும் நாள் எதுவென்று உறுதி செய்துகொண்டு போங்கள். டோர்ச் அவசியம். கழுத்து வலிக்கும் வரை மேலே பாருங்கள். அந்த மரங்களைத் தூக்கி வைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் போன கிழமை ஒரு படிவத்தில் தொழில் என்ன என்று கேட்டிருந்தார்கள். ‘தச்சர்’ என்று எழுதினேன்.