பெர்னார்டின் நாடி

பெர்னார்ட் அக்ராய்டுக்கு மாரடைப்பு வந்தது பெனால்டியால்தான் என்று அவன் மனைவி கிளெண்டா சொல்வாள். டாக்டர் வெண்ணெய், சிகரெட், உட்கார்ந்தே பஸ் ஓட்டிய முப்பது வருஷம் என்று ஏதேதோ சொன்னார். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிப்ரவரி மாதம், கடைசி நிமிடத்தில் எங்கள் ஊர்க் கால்பந்து அணி ஸ்கெல்பெக் டவுனுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை அடிக்க எங்கள் ஆள் ஓடி வரும்போது பெர்னார்ட் கம்பித் தடுப்பின் மேல் சாய்ந்து, அப்படியே சரிந்தான். பக்கத்தில் நின்றவன் நான். அவனைப் பிடித்ததில் என் டீ முழுக்க என் கோட்டில்.

அவர்கள் வீடு அடுத்த தெருதான். யாரோ போய்ச் சொல்ல, கிளெண்டா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பெர்னார்ட் கண்ணைத் திறந்தான். அவள் குனிந்தாள். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள், தன்னிடம் ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தாள்.

"உள்ள போச்சா?" என்று கேட்டான்.

போகவில்லை. பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, பின்னால் இருக்கிற காய்கறித் தோட்டத்தில் விழுந்தது.

கிளெண்டா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். "செத்துப் பொழைக்கிறவன் அம்மாவக் கேப்பான், தண்ணி கேப்பான், சாமியக் கூப்பிடுவான். எங்க வீட்டு ஆளு ஸ்கோர் கேட்டான்" என்று ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் மனசு ஆறவில்லை என்பது எனக்கே தெரிந்தது. நான் அப்படியொன்றும் கவனிக்கிற ஆள் இல்லை.

அன்றிலிருந்து பெர்னார்ட் மைதானம் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு. சனிக்கிழமை மதியம் அவன் தோட்டத்தில் நின்று, காற்றில் வரும் கூச்சலை வைத்து ஸ்கோரைக் கணக்குப் போட்டான். நாடி அதில்தான் எகிறியிருக்கும். இதை அவளிடம் யார் சொல்வது?

ஜூலையில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும் நட்பு ஆட்டங்கள்.

"அது ஆட்டமே இல்ல, கிளெண்டா. ஆளுங்க காலை நீட்டி மடக்கிப் பாக்குறது. யார் ஜெயிச்சாலும் ஒண்ணும் கெடையாது. பாதிப் பேருக்குப் பேரே கெடையாது" என்றான்.

பொய் இல்லை. கிளப்பில் சேர வாய்ப்புக் கேட்டு வருகிறவர்களின் பெயரை அந்த ஆட்டங்களில் வெளியே சொல்வதில்லை. 'சோதனை ஆட்டக்காரர்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதோடு சரி. சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டத்தைப் போல அலுப்பான சமாச்சாரம் உலகத்தில் இல்லை. நான் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

கிளெண்டா இரண்டு நாள் யோசித்துவிட்டு நிபந்தனை போட்டாள். கூட நானும் வருவேன். ஆட்டம் முடியும்வரை உன் நாடி என் கையில் இருக்கும். ஒழுங்காக ஓடினால் ஆகஸ்டில் இருந்து சீசன் முழுக்கப் பார்த்துக்கொள். ஒரு தரம் எகிறினாலும், ஆட்டத்துக்கு நீ கட்டிக்கொண்டு போகிற அந்த கிளப் மஃப்ளர் பழைய துணிக் கடைக்குப் போய்விடும்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வெயில் தாழாத நேரத்தில், மூன்று பேரும் எங்கள் வழக்கமான கம்பியருகே நின்றோம். எதிரணி பக்கத்து ஊர் மார்ஸ்கில். கூட்டம் என்று பார்த்தால் எண்பது பேர், நான்கு நாய். கிளெண்டா முதல் தடவையாக மைதானத்துக்குள் வந்திருந்தாள். இடது கையில் கடிகாரம், வலது கையில் புருஷனின் மணிக்கட்டு.

பெர்னார்ட் சாமியார் மாதிரி நின்றான். மார்ஸ்கில் முதல் கோல் போட்டபோது, "நல்ல கோல்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷத்தில் மார்ஸ்கில்லைப் பற்றி அவன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஒழுங்கா இருக்கு" என்றாள். கொஞ்சம் ஏமாற்றமாகவே சொன்ன மாதிரி இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு சோதனை ஆட்டக்காரன் இறங்கினான். பதினாலாம் நம்பர் சட்டை, ஒல்லிக் குச்சி, நல்ல ஓட்டம். மார்ஸ்கில்லின் ஐந்தாம் நம்பர் தடியன் அவனைத் தட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். நட்பு ஆட்டம்தானே என்று நடுவர் கண்டுகொள்ளவில்லை.

"அது முட்டி" என்றாள் கிளெண்டா.

"ஆமா" என்றான் பெர்னார்ட்.

"முட்டியில பக்கவாட்டுல மிதிக்கிறான். தசைநார் கிழிஞ்சா ஒரு வருஷம் படுக்கணும். அந்த ஆளு என்ன பாத்துட்டு நிக்கிறாரு?"

"நட்பு ஆட்டம், கிளெண்டா."

"நட்பா? அந்த அஞ்சாம் நம்பர்கிட்டப் போய்ச் சொல்லு."

மூன்றாவது தடவை எங்கள் முன்னாலேயே, கோட்டோரம் கொடியோடு நிற்கிற லைன்ஸ்மேனின் மூக்குக்குக் கீழேயே நடந்தது. கிளெண்டா கடிகாரத்தைப் பையில் போட்டாள்.

"யோவ், கொடிய எதுக்குய்யா குடுத்திருக்காங்க? மூக்கு சிந்தவா?" என்றாள். வார்டில் முப்பது வருஷம் அதட்டிய குரல். நான்கு நாயும் திரும்பிப் பார்த்தன. "கண்ணு தெரியலன்னா சொல்லு, மருந்து எழுதி வாங்கித் தரேன். ஏ அஞ்சாம் நம்பரு, உன்னைத்தான். ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துராத, ஊசி எங்க போடுறதுன்னு எனக்குத் தெரியும்."

லைன்ஸ்மேன் காது சிவந்து நகர்ந்து நின்றான். அதற்குள் எங்களுக்கு ஒரு கோல் விழுந்து சமம் ஆனது. அதைக்கூட அவள் சரியாகக் கவனிக்கவில்லை, வைதுகொண்டிருந்தாள். முகம் பீட்ரூட் நிறம். கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மூச்சு வாங்கியது. பெர்னார்டின் மணிக்கட்டை அவள் எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

கடைசி நிமிடம். பதினாலாம் நம்பர் பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கமாகத் தனியாக ஓடி வந்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், பெர்னார்ட் மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்கிறான். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருக்கிறான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. பயந்துவிட்டான், பாவம்.

"உக்காரு, கிளெண்டா. நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல, விடு."

"வலிக்குதான்னு கேட்டேன்."

எண்பது பேரும் கத்தினார்கள். பெர்னார்ட் திரும்பவில்லை.

"யார் அடிச்சா?" என்று கிளெண்டா கேட்டாள். அவளை மறைத்துக்கொண்டு அவன் நின்றதில் அவளும் பார்க்கவில்லை.

"தெரியல."

"உள்ள போச்சா?"

"தெரியலன்னு சொல்றேன்ல. நான் பாக்கல."

அவள் அவனையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒலிபெருக்கியில், கோல் அடித்தவர் சோதனை ஆட்டக்காரர் என்று அறிவித்தார்கள். இரண்டு பேர் காதிலும் அது ஏறியதாகத் தெரியவில்லை. பெர்னார்டின் விரல் அவள் மணிக்கட்டிலேயே இருந்தது.

"தப்பா பிடிச்சிருக்க" என்று கடைசியில் சொன்னாள். அவன் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க. கட்டை விரல் கூடாது. ஆகஸ்டுக்குள்ள ஒழுங்கா கத்துக்க. சீசன் முழுக்க நீதான் பாத்துக்கணும்."