கிணற்றுக்குக் கிழக்கே ஓர் அத்தி

ஈரச் சாக்கில் சுற்றிய அத்திக் கன்றை என் பெரியப்பா வண்டியிலிருந்து இறக்கிய விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேர்மண் உதிர்ந்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். பெற்ற பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவர் அப்படித் தூக்கி நான் பார்த்ததில்லை. ஜேடர்பாளையத்து ஆற்றங்கரையில் பெயர்த்ததாம். ஐப்பசி மழையில் மண் நெகிழ்ந்திருந்த நேரமாகப் பார்த்து, எங்கள் கிணற்றுக்குக் கிழக்கே நட்டார்.

அந்த இடத்தில் இருந்த சூதைச் சொல்ல வேண்டும். தாத்தா நிலத்தை வாய்வார்த்தையாகத்தான் பிரித்திருந்தார்: அத்தி மரத்துக்கு மேற்கே மூத்த மகனுக்கு, கிழக்கே என் அப்பாவுக்கு. அந்தப் பழைய அத்தி கிணற்றுக்கு மேற்கே நின்றது. ஆகவே கிணறு எங்களுடையது. அப்பா இறந்த வருஷம் ஆடிக்காற்றில் மரம் சாய்ந்தது. மறுவாரமே பெரியப்பா ஆள் விட்டு அடிவேர்வரை தோண்டி எடுத்து, குழியை மூடி, மேலே ஏர் ஓட்டிவிட்டார்.

மார்கழியில் கன்று இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றபோது மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. வாடைக்கு மறைப்பாக வடபுறம் தென்னந்தடுக்குக் கட்டினார். தண்டுக்கு வைக்கோற்புரி சுற்றினார். ஆடு வாய் வைக்காமல் வேலமுள் அடைத்தார். பனி கொட்டும் விடியலில் போர்வையோடு வந்து தண்ணீர் ஊற்றினார். வழியில் போகிறவர்கள் நின்று கேலி செய்தார்கள். "பெரியவர் ஊட்டுல கடைக்குட்டி பொறந்திருக்குதுங்க," என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கன்று பட்டுப்போக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். அது துளிர்விட்டது. சாமிக்கும் அவர் பக்கம்தான் சாய்வு போலும்.

தை பிறந்ததும் தடுக்கையும் முள்ளையும் பிரித்தெறிந்துவிட்டு, எல்லை பார்க்க ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வந்தார். "உளுந்த அத்தியோட வேருலதானுங்க இது துளுத்திருக்குது. அப்ப எல்லை இதுதானுங்களே," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அம்மா முன்னால் வந்து தண்டைத் தொட்டுக் காட்டினாள். "வைக்கப்புரி சுத்துன தடம் அப்புடியே இருக்குதுங்க. நீங்கெல்லாம் பாத்துச் சிரிச்சீங்களே சாமி, மறந்து போச்சுங்களா?"

யாரும் தண்டைப் பார்க்கவில்லை. மார்கழி முழுக்கக் கேலி பேசிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல்துண்டை உதறி உதறி மடித்தார். பெரியப்பாவைப் பகைத்துக்கொண்டால் அந்த ஊரில் ஒரு கலப்பைகூட இரவல் கிடைக்காது. அம்மாவைப் பகைத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது. எல்லை புதுக் கன்றுக்கு நகர்ந்தது, கிணறு அவருடையதாயிற்று.

இப்போது அது பெரிய மரம். நிழலுக்கு ஒதுங்குகிறவர்கள், நட்டவருக்குப் புண்ணியம் என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் நல்ல வார்த்தை வராது.

கிணறு போனதைக்கூட என்னால் ஒருவேளை விழுங்க முடிந்திருக்கும். மறுநாள் நடந்ததைத்தான் முடியவில்லை. எங்கள் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கி நின்றன. அம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பெரியப்பா வாய் நிறையச் சிரிப்போடு எதிரே வந்தார்.

"எறச்சுக்க அம்மிணி, ஆரு வேண்டாங்கறா?"

எங்கள் தண்ணீரை எங்களுக்கே தர்மம் செய்தார். அம்மா, "சரிங்க மாமா," என்று சொல்லிவிட்டு மாட்டைப் பூட்டினாள்.