பூச்சி மதித்த ஒரே பொன்னாடை

எங்கள் கே.கே. நகர் குடியிருப்போர் சங்கத்தில் நன்றியுரை சொல்வது என் பொறுப்பு. அதாவது, கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மைக்கில் பேசிக்கொண்டிருப்பவன் நான்தான். விருந்தினர்களுக்குப் போர்த்தியது போக மிஞ்சும் பொன்னாடையை யாராவது என் தோளில் போட்டுவிடுவார்கள். பதினைந்து வருடங்களில் அப்படிச் சேர்ந்தவை நாற்பத்தொன்று. மற்றவர்கள் வாங்கிய பொன்னாடையை அடுத்த விழாவில் அடுத்த ஆளுக்குப் போர்த்தித் தள்ளிவிடுவார்கள். எனக்கு மனசு வராது. என் பொன்னாடையை இன்னொருவன் தோளில் எப்படிப் பார்ப்பது? பீரோவில் என் தட்டு நிரம்பியதும் மனைவியின் தட்டுக்குள் நுழைந்தேன்.

இந்தத் தை மாத ஆண்டுவிழாவில்தான் நாற்பத்தொன்றாவது வந்தது. எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் வடக்கே போய்விட்டு வந்து போர்த்திய அசல் காஷ்மீர் கம்பளிச் சால்வை. மதுரை மண்டபத்துப் புழுக்கத்தில் அதைப் போர்த்தியபடியே நன்றியுரை முழுவதையும் பேசி, தொப்பலாக நனைந்தேன். வீட்டுக்கு வந்து துவைக்காமலே மடித்து வைத்தேன். தண்ணீர் பட்டால் அன்றைய கௌரவம் போய்விடும் என்று ஒரு நினைப்பு.

ஆனியில் பூச்சி வந்தது. பீரோவைத் திறந்தால் வைக்கோல் நிறத்தில், அரிசி நீளத்தில், ஒன்றிரண்டு தத்தித் தத்திப் பறக்கும்.

"உள்ள அந்துப்பூச்சி இருக்குங்க. எல்லாத்தையும் எறக்கிப் பாத்துருவோம்" என்றாள் மனைவி.

நான் எதையும் இறக்கவில்லை. பூச்சிக்குக் காரணம் பக்கத்துக் காலி மனையில் மண்டிக் கிடக்கும் புதர்தான் என்று நின்ற இடத்திலேயே கண்டுபிடித்தேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீண்ட அறிக்கை போட்டேன். வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதினேன். இரண்டு பை பாச்சா உருண்டை வாங்கி வந்து, குளியலறை முதல் செருப்பு அலமாரி வரை போட்டேன். வீடே பழைய லாட்ஜ் மாதிரி மணத்தது. போடாமல் விட்டது பீரோவின் அந்த இரண்டு தட்டுகளில் மட்டும்தான். காஷ்மீர் சால்வையில் வாடை ஏறிவிடக் கூடாதே.

இதற்கிடையே மகளுக்குத் திருமங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சென்னையிலிருந்து போன் செய்தாள். "அம்மா, புதுப் பட்டெல்லாம் வேணாம். ஒன் கல்யாணப் பட்டத்தான் கட்டுவேன்."

மனைவிக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. அந்த அரக்குப் பட்டை ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் எடுத்து மடிப்பு மாற்றி, பச்சைக் கரை போட்ட பழைய வேட்டியில் சுற்றி வைப்பாள். வேறு எந்தச் சேலைக்கும் அந்த மரியாதை கிடையாது. போனை வைத்த கையோடு பீரோவைத் திறந்தாள். சேலை மேல்தட்டில் இருந்தது. வேட்டியைக் காணோம்.

சேலையை உதறி ஜன்னல் பக்கம் பிடித்தாள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. மடிப்புக்கு மடிப்பு ஓட்டை. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். "இதுக்குத்தான் அப்பப்ப எடுத்துக் காத்தாட விடணும்ங்கிறது."

அவள் பார்வை கீழ்த்தட்டுக்குப் போனது. அங்கே வெள்ளையாக ஒரு மூட்டை இருந்தது. பச்சைக் கரை.

"ஏங்க, இது எஞ்சேலையச் சுத்தி வச்ச வேட்டில்ல?"

ஆமாம். பொங்கல் கழித்து அவள் பத்திரப்படுத்திய மறுவாரமே அதை உருவியவன் நான்தான். சால்வையைச் சுற்றி வைக்க வீட்டில் அதைவிட வெள்ளையான துணி கிடைக்கவில்லை. பட்டுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். இவ்வளவுதான் நான் யோசித்தது.

மூட்டையைப் பிரித்தாள். நூலாம்படை மாதிரி வலை, மணல் மாதிரி எச்சம், நெளியும் வெள்ளைப் புழுக்கள். சால்வையில் பாதிதான் மிச்சம். என் வியர்வையில் ஊறிய கம்பளியில் குடும்பம் நடத்திப் பெருகி, அப்புறம் போர்த்த ஒன்றும் இல்லாமல் கிடந்த பட்டுக்கு ஏறியிருக்கின்றன.

"ஒரு போர்வைக்காகவா?" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். எனக்கு அவமானமாக இருந்தது. முப்பது வருடத்தில் அவள் முன்னால் அவ்வளவு சிறியவனாக நான் நின்றதில்லை.

மற்ற நாற்பதையும் இறக்கி வெயிலில் உதறினேன். ஒன்றில்கூட ஊசி முனை அளவு ஓட்டை இல்லை. அத்தனையும் பாலியஸ்டர். ஆறு மாதம் ஒரே பீரோவில் இருந்தும் பூச்சி ஒரு வாய் வைத்துப் பார்க்கவில்லை. என் பதினைந்து வருட மேடை வாழ்க்கைக்கு அதைவிட நேர்மையான விமர்சனம் வந்ததில்லை.

மகள் வந்து சேலையைப் பார்த்தாள். முந்தானையில் ஜரிகை அடர்த்தி, அது தப்பித்திருந்தது. "இதுல ஜாக்கெட் தச்சுக்கிறேம்மா, அழுகாத" என்றாள். புதுப் புடவையும் அந்த ஜாக்கெட்டுமாகத்தான் நிச்சயத்தில் உட்கார்ந்தாள்.

சம்பந்தி எனக்குப் பொன்னாடை போர்த்தி, "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கொடுத்தார். முன்வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். "எல்லாரும் சாப்பிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பொன்னாடையால் மறுநாள் காலை ஸ்கூட்டரைத் துடைத்தேன்.

திரும்பி உள்ளே வந்தபோது மனைவி பீரோ முன்னால் நின்றிருந்தாள். முந்தானை போன அந்தச் சேலையை, துவைத்துக் காய்ந்த வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் பொன்னாடைகள் எல்லாம் வெளியேறி, இரண்டு தட்டும் காலியாக இருந்தன.

"கட்ட முடியாததை எதுக்கு வைக்கிற?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நீங்க நாப்பத்தியொண்ணு வச்சிருந்தீங்க. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்" என்றாள்.