பாரிவாக்கம் பள்ளி நூலகத்துக்கு ஊமை டேப்லெட்டோடு ஒரு பயணம்

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாரிவாக்கம் போனேன். ஊர் சுற்ற அல்ல, ஒரு பள்ளி நூலகத்தைப் பார்க்க. ஆவடியில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்குப் பத்து டேப்லெட் கொடுத்திருந்தது. குழந்தைகள் கதை வாசிப்பதைப் பதிவு செய்து, புத்தகத்தின் பின்னட்டையில் க்யூஆர் கோடாக ஒட்டிவிட்டால் மற்ற குழந்தைகள் கேட்கலாம் என்பது திட்டம். எங்களிடம் ஒரு பதிவுகூட விழவில்லை. வெறும் இரைச்சல்தான் கேட்டது. பத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிய கடிதம் திங்கட்கிழமை போக வேண்டும். அதே நிறுவனம் கொடுத்த அதே டேப்லெட்டுகள் பாரிவாக்கத்தில் அமோகமாக ஓடுகின்றன என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களுக்கு நல்ல சரக்கு, எங்களுக்கு ஓட்டை உடைசலா? சண்டை போட ஆதாரம் வேண்டுமே என்று ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காலை 8.10க்கு வீட்டருகே மேனாம்பேட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து வானகரத்தில் இறங்கினேன். 30 ரூபாய். அங்கிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏழு கிலோமீட்டர் போக நாற்பது நிமிடம் ஆனது. வேலப்பன்சாவடியில் வண்டி நகராமல் நின்றபோது தேவிகாவின் நினைப்பு வந்தது.

அவள் என் வகுப்புப் பெண். முதல் பதிவுக்கு அவளைத்தான் உட்கார வைத்தேன். மென்மையான குரல். மூன்று நாள் தொடர்ந்து வாசிக்கச் சொல்லி, மூன்று நாளும் "குரலே விழலம்மா, சத்தமா படி" என்று விரட்டினேன். நான்காம் நாளிலிருந்து வகுப்பிலும் அவள் வாய் திறப்பதில்லை. எழுந்து நிற்பாள், புத்தகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். பிறகு வேறு பிள்ளைகளைப் படிக்க வைத்தும் பதிவாகவில்லை, கருவிதான் கோளாறு என்று முடிவு செய்தேன். அதைத் தேவிகாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

9.30க்குப் பூந்தமல்லி. நிலையத்துக்கு வெளியே ஒரு டீ, 15 ரூபாய். பாரிவாக்கம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் பஷீர் பாய் நூறு கேட்டார்.

"மூணு கிலோமீட்டருக்கு நூறா பாய்?"

"இன்னாமா நீ, திரும்பி வரசொல்ல காலியாத்தானே வரணும்? சரி, எம்பது குடு, குந்து."

பள்ளி நூலகத்துக்கு என்றதும் மனிதர் முழுசாகத் திரும்பிவிட்டார். ரோட்டைப் பாருங்கள் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "எம் பொண்ணு ஷபானா அங்கதான் அஞ்சாவது படிச்சிகினு கீது. அது படிச்ச கதைய எல்லா பசங்களும் கேக்குதாம். ஊட்ல அதுக்குக் கால் தரையில நிக்கல. நீ போய் ஷபானா யாருன்னு கேளும்மா!"

நூலகம் ஒரே ஒரு அறை. பொறுப்பாசிரியை செல்வி டீச்சர், கறாராகத் தெரிந்தாலும் சட்டென்று சிரிப்பவர். எங்கள் டேப்லெட்டுகள் பீரோவில் பூட்டிக் கிடக்க, இங்கே இவர்களுடையவை காய்கறிக் கூடையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் இரண்டிரண்டு பேராக எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். ஷபானாவின் கதையைக் கேட்டேன். நடுவில் தெருவில் உப்பு விற்பவரின் குரல், பின்னால் யாரோ அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம்.

"அதையெல்லாம் வெட்டறதில்ல மிஸ். அந்த எடத்துக்காகத்தான் பசங்க திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. அப்படியே கதையும் மனப்பாடம் ஆயிடுது" என்றார் செல்வி டீச்சர்.

நான் வந்த காரியத்தை எடுத்தேன். டேப்லெட்டை நீட்டி, "இது பதிவே பண்ணாது" என்றேன், ஜெயித்துவிட்ட மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷபானா அதை வாங்கி, கீழ் விளிம்பில் ஃபூ என்று ஊதினாள். சாக்பீஸ் தூசி போக எல்லாரும் ஊதிவிட்டுத்தான் படிப்பார்களாம். ஊதியவள் அப்படியே உற்றுப் பார்த்தாள்.

"மிஸ், இது இன்னா மஞ்சளா? ஓட்டைய அடச்சிகினு கீது." மோந்து பார்த்தாள். "சந்தனம் வாசன வருது மிஸ்!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜூனில் வந்த டேப்லெட்டுகளை நாங்கள் முதன்முதலில் வெளியே எடுத்ததே சரஸ்வதி பூஜைக்குத்தான். பத்துக்கும் பொட்டு வைத்தது நான். திரையில் கறை படக்கூடாது என்று, பார்த்துப் பார்த்துக் கீழ் விளிம்பின் நட்டநடுவில் சந்தனம் அப்பியிருக்கிறேன். குரல் போகிற ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

செல்வி டீச்சர் கூடையிலிருந்து பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்தார். ஐந்து நிமிடம் பக்குவமாகத் தேய்த்தார். "ஹலோ, ஷபானா பேசறேன்" என்று அவள் சொன்னதை டேப்லெட் கணீரென்று திருப்பிச் சொன்னது. அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். தேவிகாவை நினைத்ததும், பள்ளி விடுவதற்குள் ஆவடி போய்ச் சேரப் பேருந்து எப்போது என்று கேட்டேன்.

2.20க்குப் பாரிவாக்கம் நிறுத்தத்தில் ஆவடி பேருந்து ஏறினேன். போக நினைக்கும் ஆசிரியர்கள் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். பத்து மணிக்குள் போனால் நூலக வேளை முழுவதையும் பார்க்கலாம். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது, பக்கத்தில் பெரிதாகக் கடை இல்லை. டேப்லெட் ஓட்டையை ஊசியால் குத்தாதீர்கள், உலர்ந்த டூத் பிரஷ் போதும். பூஜைக்குப் பொட்டை டேப்லெட் வந்த அட்டைப் பெட்டிக்கு வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். பதிவு விழவில்லையா, முதலில் கருவியைத் துடையுங்கள், குழந்தையை அதட்டாதீர்கள்.

3.15க்கு என் பள்ளி. விடுப்பில் போனவள் வந்து நிற்பதைப் பார்த்துத் தலைமையாசிரியை பதறினார். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். தேவிகாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். வெகுநேரம் தயங்கிவிட்டு, அதே மெல்லிய குரலில் படித்தாள். போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சொன்னாள்: "அன்னிக்கும் இப்படித்தான் மிஸ் படிச்சேன்."

"ஆமாண்டா," என்றேன். "நீ சரியாத்தான் படிச்சே. மிஸ்தான் தப்பு பண்ணிட்டேன்."