இறைச்சிக்குத் தூள் போட்டது நான்

புலம்பெயர்ந்து நாங்கள் குடியேறிய ஃபாரஸ்ட் கேட்டில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கென்யாவிலிருந்து வந்தவர். பஸ் ஓட்டினார். எண்பதுகளின் கடைசியில், கோடைகாலச் சனிக்கிழமைகளில், பின்வளவில் ஆட்டிறைச்சி சுடுவார். எனக்கும் அதைப் பழக்கினார். விலாவையும் தொடையையும் எலும்போடு பெரிய துண்டுகளாக விட்டு, கரி சாம்பல் பூத்த பிறகு கம்பித்தட்டில் வைத்து, இரண்டு மணித்தியாலம் அவசரப்படாமல் திருப்ப வேண்டும். இடைக்கிடை உப்புத் தண்ணீர் தெளிக்கலாம். வேறொன்றும் கிடையாது. வெந்ததும் பலகையில் வெட்டி, முதல் துண்டை வீட்டுக்கு மூத்தவருக்குக் கொடுப்பார்கள்.

ஒருமுறை அவருடைய தகப்பன் ஊரிலிருந்து வந்தார். உள்நாட்டு மலைப்பகுதி மனிதர். மகன் கடற்கரைப் பக்கத்துப் பெண்ணைக் கட்டியது பிடிக்காமல் ஏழு வருடம் பேசாமல் இருந்தவர். அன்றைய சாப்பாட்டோடு மருமகளை ஏற்றுக்கொள்வார் என்று கணவன் மனைவி இரண்டு பேரும் நம்பியிருந்தார்கள். என்னையும் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மகன் விமான நிலையத்துக்குப் போகும்போது நெருப்பை என்னிடம் விட்டுப் போனார். மருமகள் குசினியில் சோளமாக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வெறும் உப்போட சுட்டு, வருத்தமாய்ப் படுத்திருக்கிறவருக்கோ குடுக்கப் போறியள்?" என்று கேட்டாள். ஒரு சின்னத் துண்டை வெட்டிச் சுவைத்தேன். நல்ல இறைச்சிதான். ஆனால் தூள் படாததைச் சமையல் என்று ஒப்புக்கொள்ள என் நாக்கு விடவில்லை. வீட்டுக்குப் போய் யாழ்ப்பாணத்துக் கறித்தூளைத் தேசிக்காய் பிழிந்த புளியில் குழைத்து வந்து பூசினேன். யார் சமைத்தது என்று கிழவர் கேட்பார் என்றுகூட நினைத்தேன்.

கேட்கத்தான் செய்தார். ஒரு வாய் மென்று, துண்டைப் பலகையில் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு மருமகளைப் பார்த்துத் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். கடற்கரைச் சனம் எல்லாவற்றிலும் மசாலாவைக் கொட்டும், இவளுக்கும் உப்போடு நிறுத்தத் தெரியவில்லை என்கிறார் என்று மகன் எனக்கு மெதுவாகச் சொன்னார். தான் நெருப்புப் பக்கமே வரவில்லை என்றாள் அவள். மகன் என்னிடம், யாராவது இதில் ஏதாவது போட்டார்களா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, நடுவில் வீட்டுக்குப் போய் வந்தேன் என்றேன்.

ஊரில் நான் ஆசிரியர். பொய் சொன்ன பிள்ளைகளை வாங்கில் ஏற்றி நிற்க வைத்தவன். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து, "நீங்கள்தான் எண்டு சொல்லுங்கோவன்" என்றாள். பிறகு சொல்லுறன் என்றேன். கிழவர் அங்கே தங்கிய ஆறு கிழமையும் மருமகள் சமைத்த எதையும் தொடவில்லை. மகன்தான் அவருக்குத் தனியாக ஏதாவது அவித்துக் கொடுத்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தேன். எந்த நாளிலும் போய்ச் சொல்லியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர்கள் வீடு மாறினார்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவளிடம் அப்போதுதான் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "அன்றைக்கு உங்கள் விரலெல்லாம் மஞ்சள். நான் சொன்னால் மாமனார் நம்பியிருக்க மாட்டார். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்."

மாமனாருக்கு இன்றைக்கே கடிதம் எழுதுகிறேன் என்றேன். அவர் போன வருடம் இறந்துவிட்டார் என்றாள். பிறகு பெட்டியின் மற்றப் பக்கத்தைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.